நிரப்பாமல் அனுப்புகிற படிவம்

ஸ்ரீ சந்திரசூடேஸ்வரர் துணை

மத்திகிரி,
8.2.2026, ஞாயிறு.

அன்பு மகள் மேகலைக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை இளம்பரிதியும் அந்த அயர்லாந்து மழையில் சளி இருமல் என்று எதிலும் மாட்டிக்கொள்ளாமல், வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய்வருகிறீர்கள் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்பில் சொல்லும்படியான குறை இல்லை. அம்மாவின் இடது முழங்கால் வலி மட்டும் மார்கழி முடிந்தும் விடவில்லை, மாடிப்படி ஏறும்போதெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், கீழ் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாம் மேலே போய்விடலாம், மாதம் ஒன்பதாயிரம் வரும் என்று சொன்னவன் நான்தானே. கீழே இப்போது செல்போன் கம்பெனிக்குப் போகிற நாலு பெண்கள் குடியிருக்கிறார்கள், திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளைகள், அம்மா ரசம் வைத்தால் ஒரு கிண்ணம் கீழே இறங்கிப் போய்விடுகிறது. பதினாலாம் தேதி காதலர் தினத்துக்காக ரோஜா ஏற்றிய வண்டிகள் விடிகாலையிலிருந்தே பெங்களூர் ரோட்டில் வரிசையாக நிற்கின்றன. பேரிகைப் பக்கம் தக்காளி விலை விழுந்து, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று தோட்டத்தோடு விட்டுவிட்டார்கள். இப்படி ஒரே தாலுகாவில் ஒருவன் சிரிக்க ஒருவன் அழ நாள் ஓடுகிறது.

போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ சரிப்பா, விடுப்பா என்று சொல்லிவிடுவாய், உன் சுபாவம் எனக்குத் தெரியும். இது அப்படிச் சரி என்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. மாப்பிள்ளையும் சேர்ந்து படிக்க வேண்டும், ஒரு முறைக்கு இரண்டு முறை படிக்க வேண்டும். ஏப்ரல் மாதம் கால்வேயில் வீட்டுக்கு முன்பணம் கட்ட நீங்கள் எதிர்பார்த்திருக்கிற பதினெட்டு லட்சத்தைப் பற்றியது இது. அந்தப் பணம் பத்திரமாக இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை, முதலில் அந்தப் பயத்தை விடு. ஆனால் அந்தப் பணத்தை நான் உன்னிடம் திரும்பக் கேட்க வந்திருக்கிறேன். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

பிரேம்குமாரை உனக்கு நினைவிருக்கலாம். உன் கல்யாணத்தில் பந்தி முழுக்கத் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு போனானே, ஒல்லியாக, காதோரம் நரைத்த ஆள். சிப்காட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் காண்ட்ராக்ட் வேலை, நம் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தான். மனைவி மாதேஸ்வரி, மூத்த பெண் பத்தாவது, சின்னவன் நாலாவது. நான் மத்திகிரி கூட்ரோட்டில் மாடியில் அந்த ஒற்றை ரூமை எடுத்து, குடும்ப நிதி ஆலோசனை என்று போர்டு மாட்டின வருஷமே என்னிடம் வந்தவன். மியூச்சுவல் ஃபண்டில் மாதம் ஐந்நூறு ரூபாய் எஸ்ஐபி போட்டான், ஓவர்டைம் வந்த மாதம் எழுநூறு. ஏழாம் தேதி சம்பளம் வந்தால் எட்டாம் தேதி காலையில் டீக்கடையில் என்னைப் பார்த்து, அண்ணா பணம் போயிடுச்சுங்களா என்று கேட்டுவிட்டுத்தான் ஷிப்ட்டுக்குப் போவான். பெரிய சம்பளக்காரர்கள் எத்தனையோ பேர் என்னிடம் இருக்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் மார்க்கெட் இரண்டு நாள் இறங்கினால் தூக்கம் போய்விடும். இவன் ஒரு நாளும் ஏறிச்சா இறங்கிச்சா என்று கேட்டதில்லை, போட்டோமா இல்லையா என்பதுதான் அவன் கேள்வி.

மூன்று வருஷத்துக்கு முன் மார்ச் மாதம் இருபத்தெட்டாம் தேதி, அவனுக்கு இருபத்தைந்து லட்சத்துக்கு ஒரு டெர்ம் பாலிசி போட்டேன். ஆள் இல்லாமல் போனால் குடும்பத்துக்குப் பணம், இருந்தால் ஒன்றும் திரும்பி வராது, அந்த வகை. இப்போதெல்லாம் பேப்பர் படிவம் இல்லை, என் போனிலேயே கேள்வி வரும், நான் அமுக்கிக்கொண்டே போவேன், கடைசியில் அவர்கள் போனுக்கு ஆறு இலக்க ஓடிபி வரும், அதைச் சொன்னால் அதுதான் கையெழுத்து. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் இந்த ஊரில் பாதிப் பாலிசி போடப்படுகிறது, நானும் அப்படித்தான் போட்டேன். வயசு, உயரம், எடை எல்லாம் கேட்டு வந்தேன். சர்க்கரை நோய் உண்டா என்கிற கேள்வி வந்தபோது அவனாகவே சொன்னான், அண்ணா எனக்கு சுகர் இருக்குதுங்க, இ.எஸ்.ஐ.ல மாத்திரை வாங்குறேன், அதையும் எழுதிக்குங்க என்று. நான் எழுதவில்லை, மேகலை. அதைப் போட்டால் மெடிக்கலுக்குக் கூப்பிடுவாங்க, உனக்கு ஒரு நாள் கூலி போகும், வருஷத்துக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் கட்டுற இடத்துல பதினாலாயிரம் கட்டணும், மாத்திரையிலதான் கட்டுக்குள்ள இருக்குதே விடு என்று சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு, உங்களுக்குத் தெரியாததாங்கண்ணா என்று சொல்லி அந்த ஆறு எண்ணைப் படித்துக் காட்டினான். நான் இல்லை என்கிற கட்டத்தை அமுக்கி அனுப்பிவிட்டு அவனுக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுத்தேன்.

அவனுக்குப் பணம் மிச்சமாகட்டும் என்று செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. மார்ச் முடிய மூன்று நாள் இருந்தது, அந்த வருஷத்துக்கு இன்னும் நாலு பாலிசி சேர்ந்தால் என்னைச் சேலத்தில் மேடையேற்றி மாலை போடுவார்கள், மெடிக்கல் என்று போனால் இவனுடையது ஏப்ரலுக்குத் தள்ளிப்போகும். என் ரூமில் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறதே ஒரு போட்டோ, ரோஜா மாலையோடு நான் சிரித்துக்கொண்டு நிற்பது, அம்மாகூட மாப்பிள்ளை களை வந்திருக்குது என்று கேலி செய்தாளே, அந்த மாலைக்கு அவனும் ஒரு பூ.

போன அக்டோபரில் இரண்டாவது ஷிப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயசு. இதை மட்டும் உனக்குப் போனில் சொன்னேன், நீயும் வருத்தப்பட்டாய். பாலிசி போட்டு இரண்டு வருஷம் ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று வருஷம் தாண்டிவிட்டால் கம்பெனிக்காரர்கள் பழைய பதிலைக் கிளற முடியாது, அதற்குள் என்றால் ஆள் வைத்து விசாரிப்பார்கள். ஒரு பையன் பைக்கில் வந்தான், இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் சீட்டைப் பார்த்தான், ஆறு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை என்று அதில் இருந்தது. உண்மையை மறைத்துப் பாலிசி எடுக்கப்பட்டது என்று எழுதி, கட்டின பிரீமியத்தை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கம்பெனி மேல் ஒரு தப்பும் இல்லை. கேட்டார்கள், இல்லை என்று பதில் போனது, அந்தப் பதில் பொய்.

அந்தக் கடிதத்தை மாதேஸ்வரிக்குப் படித்துச் சொன்னது நான்தான். படித்துவிட்டு நான் வாயைத் திறக்கவில்லை. பிரேம்குமாரின் அண்ணன் மணிவேல் அங்கே இருந்தான், பொய் எழுதிக் குடுத்துட்டுச் செத்தா யாரு பணம் குடுப்பான், புத்தி கெட்டவன் என்று தம்பியைத் திட்டினான். அப்போதும் நான் பேசவில்லை. ஜனவரியில், திரும்பி வந்த பிரீமியத்துக்கு ஒரு கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். மாதேஸ்வரி இப்போது ரோஜா பேக்கிங் ஷெட்டில் வேலைக்குப் போகிறாள், விரலெல்லாம் முள் கீறல். எனக்குக் காபி வைத்துக் கொடுத்தாள். அந்தச் சமயம் பார்த்து, பெரியவள் கணக்குப் பரீட்சையில் வாங்கின மார்க்கை ஒரு வாரமாகச் சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்தது. அவள் மகளைப் பார்த்து, அப்படியே அப்பன் புத்தி, மூடி மூடி வெச்சுட்டுக் கடைசில எங்க தலையில போடுறது என்றாள். அந்தப் பெண் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. இந்த ஆள் முன்னால் ஏன் சொன்னாய் என்கிற பார்வைதான் அது, வேறொன்றும் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு காபியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். குடித்தேன் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அதற்குப் பிறகும் பன்னிரண்டு நாள் சும்மா இருந்தேன். என்னென்னவோ கணக்குப் போட்டேன். சொன்னால் ஏஜென்சி போகும், தொழில் போகும், செத்தவன் திரும்பி வரப் போவதில்லை, பதிலுக்குப் பிள்ளைகள் படிப்புச் செலவை நாம் பார்த்துக்கொண்டால் போதாதா, இப்படி. ஒரு வெள்ளிக்கிழமை கிருஷ்ணகிரியில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு வரும்போது குந்தாரப்பள்ளியில் வண்டியை நிறுத்தினேன். மாட்டுச் சந்தை நாள். எல்லோரும் மாட்டை வாங்கி ரோட்டுப் பக்கம் ஓட்டி வருகிற நேரத்தில் ஒருவன் மட்டும் கறவை மாட்டைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு எதிராக உள்ளே போனான். என்ன என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை, அந்த நடையைப் பார்த்தாலே தெரியும், மாடு திரும்பி வருகிறது.

நான் அந்தச் சந்தையில் ஒன்பது வருஷம் தரகு பார்த்தவன் என்று உனக்குத் தெரியும், ஆனால் இதை உனக்குச் சொன்னதில்லை. துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவோம், விற்கிறவனிடம் தெலுங்கு, மாலூர்ப் பக்கமிருந்து வாங்க வருகிறவனிடம் கன்னடம், எனக்குள்ளே தமிழில் லாபக் கணக்கு. பொய் சொல்லாத தரகன் கிடையாது. பால் ஆறு லிட்டர் என்றால் நாலரை என்று வாங்குகிறவனே புரிந்துகொள்வான், அது பேச்சு. ஆனால் மாட்டில் கண்ணுக்குத் தெரியாத குறை இருந்து, அது தெரிந்தும் தரகன் சொல்லாமல் விட்டால், மூன்று சந்தைக்குள் மாட்டைத் திருப்பி ஓட்டி வரலாம். தரகன் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்து மாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விற்றவன் கொடுப்பானா மாட்டானா என்பது தரகன் பாடு. எனக்கு இருபத்துநாலு வயசில் பேரிகைக்காரர் சம்பங்கி என்பவருக்கு ஒரு மாடு பிடித்துக் கொடுத்தேன், ஒரு காம்பு அடைத்துப்போனது எனக்குத் தெரியும், சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் மாட்டோடு வந்து நின்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை, கயிற்றை மட்டும் நீட்டினார். விற்றவன் ஆந்திரா பக்கம் போய்விட்டான். நான் கடன் வாங்கிப் பணத்தைக் கொடுத்தேன், நாலு மாசம் மத்தியானச் சாப்பாடு இல்லாமல் அந்தக் கடனை அடைத்தேன். அதே சம்பங்கி அடுத்த தையில் என்னிடம்தான் இரண்டு மாடு வாங்கினார். மாட்டுக்கு அவ்வளவு ஒழுங்காக இருந்தவன் மனுஷன் விஷயத்தில் போனை அமுக்கிவிட்டுப் பன்னிரண்டு நாள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வண்டியை எடுத்துக்கொண்டு நேராக மாதேஸ்வரி வீட்டுக்குத்தான் போனேன்.

அவள் அப்போதுதான் ஷெட்டிலிருந்து வந்து ஊசியால் விரலில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். அவள் ஊசியை நிறுத்திவிட்டு, அப்ப அவரு சொன்னாருங்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். சொன்னான்மா, எழுதிக்கச் சொல்லியே சொன்னான் என்றேன். அழுவாள், இல்லை ஏசுவாள் என்று நின்றேன். அவள் எழுந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, உக்காருங்க, இத எங்கிட்ட மட்டும் சொன்னா ஆகாது, அவங்க அண்ணனை வரச் சொல்றேன், பாப்பா டியூஷன் விட்டு வரட்டும், அவங்க முன்னாடியும் சொல்லிட்டுப் போங்க என்றாள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, அதுவும் சரிதான்.

மணிவேல் வந்தான். நான் சொல்லி முடிப்பதற்குள் லைன் வீட்டு வாசலெல்லாம் ஆள் கூடிவிட்டது. ஏன்யா, ஆபீஸ்ல மாலையும் கழுத்துமா போட்டோ மாட்டி வெச்சிருக்கியே, அது எந்தம்பி மேல போட வேண்டிய மாலையா என்று கேட்டான். அவன் பங்குக்குத் தம்பியைத் திட்டினவன் என்பதும் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும், அதனால்தான் குரல் அவ்வளவு உயர்ந்தது என்று பிறகு நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண் பையைக்கூட இறக்காமல் நின்று எல்லாவற்றையும் கேட்டது. கடைசியில் என் பக்கத்தில் வந்து, எங்கப்பா என்ன சொன்னாரோ அந்த வார்த்தைய அப்படியே சொல்லுங்க என்றது. சொன்னேன். எனக்கு சுகர் இருக்குதுங்க, இ.எஸ்.ஐ.ல மாத்திரை வாங்குறேன், அதையும் எழுதிக்குங்க. இன்னொரு தடவை என்றது. இன்னொரு தடவை சொன்னேன். அது உள்ளே போய்விட்டது. மாதேஸ்வரி பின்னாலேயே போனாள். உள்ளே என்ன பேசினார்களோ தெரியாது.

பணத்தை நான் கொடுக்கிறேன், இருபத்தைந்து லட்சமும் கொடுக்கிறேன் என்று மறுநாள் போய்ச் சொன்னேன். தர்மமாக் குடுத்தா வேண்டாங்க, கை காலு இருக்குது என்றாள். அவள் அப்பா சூளகிரிப் பக்கம் மாடு வைத்திருந்தவர், சந்தை வழக்கம் அவளுக்குத் தெரியாததில்லை. நான் சம்பங்கி மாட்டுக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, மாடு திரும்பி வந்தா புடிச்சுக்கத்தானே வேணும் என்றாள். அவ்வளவுதான், அதற்கு மேல் நன்றி அது இது என்று ஒன்றும் இல்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. போகும்போது மெதுவாக, மொத்தமா கையில குடுத்துடாதீங்க, நாளைக்கே பத்துப் பேர் வந்து உக்காந்துக்குவாங்க என்றாள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் மணிக்கணக்காகச் சொல்லியும் ஏறாத பாடம் அது, அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பேரிகை ரோட்டில் நாம் வாங்கிப் போட்ட மனைக்கு ஆள் பார்த்துவிட்டேன், ஏழு லட்சத்துக்குப் பேசி முடித்தாயிற்று. அதைத் தபால் ஆபீஸில் அவள் பேரில், மாதா மாதம் வட்டி வருகிற மாதிரி போடுகிறோம். மிச்சம் பதினெட்டு.

கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன், சொன்னவன் உண்மையைச் சொன்னான், மாற்றிப் போட்டவன் நான் என்று. அந்த எழுத்தை வைத்து அவள் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற ஓம்பட்ஸ்மேனிடம் முறையீடு செய்கிறாள். தீர்ப்பு எப்போது வருமோ, எப்படி வருமோ, அதை நம்பி அந்தக் குடும்பத்தைக் காத்திருக்க வைக்க முடியாது. அப்படி வந்தால் அந்தப் பணமும் அவளுடையதுதான், நான் திருப்பிக் கேட்கப் போவதில்லை. என் ஏஜென்சி அநேகமாக அடுத்த மாதம் போய்விடும். ஊரில் சேதி பரவிவிட்டது, பதினோரு குடும்பம் எஸ்ஐபியை வேறு ஆளிடம் மாற்றிக்கொண்டது. டீக்கடையில், என்ன ஆலோசகரே, இப்ப உங்களுக்கு யாரு ஆலோசனை சொல்றது என்று கேட்கிறார்கள், நானும் சிரித்துவிட்டு டீயைக் குடிக்கிறேன். மிச்சம் இருக்கிறவர்களின் பாலிசி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எடுத்துப் பார்த்தேன். இதேபோல நான் இல்லை என்று போட்டது இன்னும் ஆறு. ஆறு வீட்டுக்கும் நேரில் போய் உள்ளதைச் சொல்லி, கம்பெனிக்குத் திருத்தம் எழுத வைத்தேன். நாலு பேருக்குப் பிரீமியம் ஏறியது, ஏறட்டும். ஒருவன் முகத்தில் அடித்த மாதிரிக் கதவைச் சாத்தினான். ஒரு அம்மா மட்டும், இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் எங்கிட்ட கேள்வியவே படிச்சுக் காட்டுறீங்க என்றாள்.

பணத்தைப் பற்றி முப்பது வருஷமாகப் பேசிப் பிழைக்கிறேன். பெட்டியில் மூன்று மாதச் செலவு இருக்கட்டும், நகைக்கடைச் சீட்டை நம்பாதே, ரிங் ரோடு வருகிறது என்று எவனாவது சொன்னால் மனை வாங்காதே, இதெல்லாம் இன்றைக்கும் சரிதான், மாற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேலைக்குப் போகிறவன் என்னிடம் வருவது கணக்குத் தெரியாமல் இல்லை, மேகலை. அவனுக்கு அவன் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், ஐம்பது ரூபாய் எங்கே போனது என்று சொல்லுவான். அவனிடம் இல்லாதது நேரம். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவனுக்கு இருபது பக்கத்தைப் படிக்க முடியாது, அவனுக்குப் பதிலாக நீ படி என்று எனக்குக் கூலி தருகிறான். நான் அந்தக் கூலியை வாங்கிக்கொண்டு படிக்காமல் விட்டேன், அதைவிடப் படித்துவிட்டு மாற்றிப் போட்டேன். நீ அங்கே மருத்துவக் கருவி செய்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் போனில் சொன்னாய், யாரோ ஒருவன் சோதித்துப் பார்க்காமலேயே சரி என்று டிக் போட்டிருந்தான், அந்த லாட் முழுவதையும் வெளியே போக விடாமல் நிறுத்திவிட்டேன் என்று. இதயத்துக்குள் வைக்கிற பொருளாச்சேப்பா என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடுதான் அதே மார்ச்சில் நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

இனி உன் பணத்துக்கு வருகிறேன். அது என் பணம் இல்லை, உன்னுடையது. உனக்கு முப்பது பவுன் போடுவதாக இருந்தேன். நகை வேண்டாம்ப்பா, பெட்டியில் தூங்கும், ஃபண்டில் போடுங்கள், வீடு வாங்கும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று நீதான் சொன்னாய். சம்பந்தி வீட்டில் மணப்பெண் கழுத்து வெறுமையாக இருக்கிறது என்று யாரோ சொன்னதையும் சிரித்துக்கொண்டே தாங்கினாய். மாப்பிள்ளையும் உன் பக்கம் நின்றார். அந்தப் பன்னிரண்டு லட்சம் இன்றைக்குப் பதினெட்டாக வளர்ந்து நிற்கிறது. ஃபண்டில் முதல் பேர் உன்னுடையது, இரண்டாவதுதான் நான், உன் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாயை எடுக்க முடியாது. எடுத்தாலும் உன் ஓசூர் பேங்க் கணக்கில்தான் விழும். அங்கிருந்து மாதேஸ்வரி பேருக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதும் உன் கையில்தான் இருக்கிறது. அப்பா செய்த தப்புக்கு மகள் ஏன் வீட்டை இழக்க வேண்டும் என்று நீ கேட்டால் அதற்கு என்னிடம் நியாயமான பதில் கிடையாது. நீ கேட்காவிட்டாலும் மாப்பிள்ளை கேட்கலாம், அவர் கேட்பது தப்பில்லை.

அம்மாவிடம் சொன்ன அன்றைக்கு, ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன மனுஷன் வீட்டுக்குன்னு வரும்போது எம்பொண்ணு பணத்துலயா கை வெப்பீங்க என்றாள். மூன்று நாள் பேசவில்லை. தட்டு வரும், சோறு வரும், பேச்சு வராது. நாலாம் நாள் குழம்பு ஊற்றிக்கொண்டே, அந்தப் பொண்ணு பத்தாவதுக்கு அப்புறம் என்ன படிக்கணும்னு சொல்லுது என்று கேட்டாள். தெரியாது என்றேன். இதக்கூட விசாரிக்காம என்ன ஆலோசகர் என்றாள். மறுநாள் அவளே நடந்து போய், அந்த முழங்காலோடு, பேசிவிட்டு வந்தாள். நர்சிங் படிக்க ஆசையாம். இதை உன் மனசை இளக்க எழுதவில்லை, நடந்தது நடந்தபடி நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

நீ முடியாது என்று சொன்னால் எனக்கு வேறு வழி இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதுவும் இன்னொரு மூடி வைத்த குறையாகிவிடும். இந்த வீட்டின் மேல் கடன் வாங்கலாம், என் வயசுக்குக் குறைந்த வருஷத்துக்குத்தான் தருவார்கள், மாதத் தவணை பெரிதாக இருக்கும். நான் பழையபடி ஏதாவது வியாபாரம் பார்த்து இரண்டு மூன்று வருஷத்தில் பாகம் பாகமாகக் கொடுத்து முடிப்பேன். பட்டினி கிடக்க மாட்டோம், அம்மாவுக்கு மருந்துக்குக் குறை வராது. அதனால் அப்பா கஷ்டப்படுவாரே என்பதற்காகக் கையெழுத்துப் போடாதே. நீ போடவில்லை என்றால் உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது, அம்மா மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இந்தப் பேச்சை மறுபடி எடுக்கவும் மாட்டேன்.

இதோடு பணம் எடுக்கிற படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். போனிலேயே முடித்துவிடலாம், உனக்கு வருகிற ஆறு எண்ணை எனக்குச் சொன்னால் இரண்டு நிமிஷ வேலை. வேண்டாம் என்றுதான் பெங்களூர் ஆபீஸ் வரைக்கும் போய்க் காகிதப் படிவம் வாங்கி வந்தேன். உன் பேரைக்கூட நான் எழுதவில்லை, நான் போட வேண்டிய இரண்டாவது கையெழுத்தையும் இன்னும் போடவில்லை. பென்சிலால் ஒரு புள்ளிகூட எங்கே எழுத வேண்டும் என்று குறிக்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படித்து, உங்களுக்குச் சரி என்று பட்டால், உன் கையாலேயே நிரப்பி அனுப்பு. எவ்வளவு என்கிற இடத்தில் நீ எந்த எண்ணை எழுதினாலும் அதுதான். ஒன்றும் எழுதாமல் திருப்பி அனுப்பினாலும் அதுவும் பதில்தான், நான் புரிந்துகொள்வேன்.

நீங்கள் எப்போது வீடு வாங்கினாலும், கடனோடு சேர்த்து உயிருக்கும் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்வார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். அந்தப் படிவத்தில், உனக்கு ஏழாவது படிக்கிற வரைக்கும் வீசிங் இருந்ததை எழுது. இன்ஹேலர் விட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறதே என்று அங்கே இருக்கிற ஏஜென்ட் நல்லது செய்கிற மாதிரி விடச் சொல்வான், அவன் கெட்டவனாக இருக்க மாட்டான். அவன் கேட்காவிட்டாலும் நீயே சொல்லி, அவன் எழுதுகிறானா என்று பக்கத்தில் நின்று பார். காலையில் வெறும் வயிற்றில் காபி குடித்துவிட்டு ஓடாதே. அம்மா கொள்ளுப்பொடியும் பருப்புப்பொடியும் அரைத்து வைத்திருக்கிறாள், மார்ச்சில் கீழ் வீட்டுப் பெண்ணின் அண்ணன் டப்ளின் வருகிறானாம், அவனிடம் கொடுத்து அனுப்புகிறோம். சந்திரசூடேஸ்வரர் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், எந்த ஊரில் எந்தக் கூரைக்குக் கீழே இருந்தாலும் அது நீங்கள் நிம்மதியாகத் தூங்குகிற இடமாக இருக்கட்டும்.

ரூமிலிருந்த அந்த மாலை போட்டோவைக் கழற்றிவிட்டேன். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா,
திம்மராயன்.